மதினியின் பெயரில் வந்த வெளிநாட்டுப் பைகள்

என் பிரியமான மதினி,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்திருந்தேன். கோபத்தோடு எழுதுகிறேன். அதில் பாதி உங்கள் புருஷன் மேல். அவர் என் அண்ணன் என்பதற்காக அது கொஞ்சமும் குறையவில்லை.

உங்கள் முதல் நினைவு நாளுக்கு, கொட்டாம்பட்டிப் பக்கம் நீங்கள் படித்த பள்ளியில் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுப்பதாக முடிவானது. பதினைந்து வருஷம் வில்லாபுரத்தில் எட்டுப் பெண்களை வைத்துப் புத்தகப் பை தைத்து விற்றவருக்கு வேறென்ன பொருத்தம்? போன வாரம் மூன்று பெட்டிகள் வீட்டில் வந்து இறங்கின. ஆசையாக ஒன்றைப் பிரித்தேன். பையிலிருந்த சீட்டில் வேறொரு நாட்டின் பெயர்.

மதினி, பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாக உங்களிடம் ஆர்டரை நிறுத்தியபோது, இதே மாதிரிப் பையைத்தானே மேஜைமேல் வைத்து விலையைச் சொன்னார்கள்?

அண்ணனிடம் கேட்டேன். "பாதி வெலைக்குக் கெடைக்கிது திலகா. பிள்ளைகளுக்குப் பைதான வேணும், எங்க தச்சா என்ன? தைக்கிறதுக்கு இப்ப ஆளு எங்க இருக்கு?" என்றார்.

"இருந்த ஆளுக எங்க போனாகன்னு ஒருநாளாச்சும் கேட்டீகளாண்ணே?"

அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். சுதந்திர தினத்தன்று குடும்ப வாட்ஸப் குழுவில், நம் நாட்டுப் பொருளையே வாங்குவோம் என்று கொடிப் படத்தோடு செய்தி அனுப்பியவரும் இவர்தான். அதற்கு ஒன்று விடாமல் எல்லோரும் கும்பிடு போட்டிருந்தார்கள். நானும் போட்டிருந்தேன்.

மீதிக் கோபம் என் மேல். என் மகள் கல்லூரி சேர்ந்தபோது அவளுக்கு இணையத்தில் ஒரு வெளிநாட்டுப் பை வாங்கினேன். நீங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அதைத் தூக்கிப் பார்த்து, "வார் நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள். ஏன் மதினி என்னைத் திட்டவில்லை?

அண்ணனிடம் பேசிய மறுநாள், உங்களிடம் துணி வெட்டிக்கொடுத்த பாண்டியம்மாள் அக்காவைத் தேடிப் போனேன். இப்போது அவர் இரண்டு பஸ் மாறிப் பரவை மார்க்கெட்டுக்குப் போய் வெங்காயம் தரம் பிரிக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். கையை நிறுத்தாமலே பேசினார்.

"அக்கா தொழில் ஓடுனப்ப எதுத்த மளிகைக் கடையிலதான் எட்டு வீட்டுக்கும் சாமான் வாங்குவோம். மிஷின் ரிப்பேர்க்காரருக்கு வாரம் ஒரு நாளு அங்க வேலை இருக்கும். இப்ப மளிகைக் கடையச் சாத்தியாச்சு. ரிப்பேர்க்காரரு ஆட்டோ ஓட்டுறாரு. எங்க எட்டுப் பேரோட மட்டும் நின்னுச்சுன்னா நெனைக்கிறீக?"

"நீங்க வந்து தச்சுக் குடுங்கக்கா," என்றேன்.

"பாவம்னு கூப்புடுறதுன்னா வேணாம். பை வேணும்னு கூப்புட்டா வாரேன்."

"பை வேணும்க்கா."

ஆறு பேர் வந்தார்கள். நீங்கள் தொழில் நடத்திய ஷெட்டைத் திறந்து, மிஷின்களைத் தூசி தட்டி, எண்ணெய் விட்டோம். மிஷின் சத்தம் மறுபடி கேட்டது. அங்கேயும் ஒரு அடி விழுந்தது. "ஜிப்பு எந்த ஊருன்னு பாத்தீகளா?" என்று பாண்டியம்மாள் அக்கா நீட்டினார். நீங்கள் வாங்கி வைத்திருந்த ஜிப்புகளும் வெளிநாடுதான். உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் வாங்கினீர்களா? எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது என்று எனக்கும் புரிகிறது. அதற்காக முடிந்ததையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

மூன்றாம் நாள் அண்ணன் வந்து ஷெட் வாசலில் நின்றார். நீங்கள் உட்காரும் நாற்காலியைப் பார்த்தார். "பெட்டிய எல்லாம் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டேன்," என்றார். நான் உட்காரச் சொல்லவில்லை. அவராகவே வார்களைக் கட்டுக் கட்டாக அடுக்க ஆரம்பித்தார்.

நினைவு நாளன்று பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். "நல்லாருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டார். பாண்டியம்மாள் அக்கா முந்திக்கொண்டார். "வாங்கலைங்க டீச்சர். நாங்க தச்சது."

அண்ணன் அந்த ஷெட்டைக் குடோனுக்கு வாடகைக்கு விட இருந்தார். விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் திறக்கிறோம். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மதினி. உங்களை வெளியே அனுப்பிய ஒவ்வொரு பள்ளிக்கும் நான் போவேன். உள்ளூர்ச் சரக்கு, பார்த்துச் செய்யுங்கள் என்று கெஞ்ச மாட்டேன். தையல் பிரிந்தால் யாரிடம் கொண்டுவந்து சண்டை போடலாம் என்று, எங்கள் பெயரையும் தெருவையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன்.

இன்னும் கோபம் ஆறாத உங்கள் நாத்தனார்,
திலகா