ஒரு தறி, ஒரு பெயர்

1974 மார்ச் 4, திங்கள்
மெட்ராஸில் கமிட்டி. நெசவாளர்களுக்குப் பட்டு நூல் கொடுப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ஆறு பேர், ஆளுக்கொரு புரோகிராம். பெரிய முடிவு கமிட்டிக்கு, சின்னது அவரவருக்கு — தலைவர் இளங்கோவன் சார் வைத்த சட்டம். விவரங்களைத் துளை போட்ட கார்டில் வைப்பதா டேப்பிலா என்றே காலை முழுக்கச் சண்டை. கடைசியில் நான் கேட்டேன், "ஒரு தறிக்கு ஒரு பேரு ஏத்தறதா, ரெண்டு பேரா சார்?"

"இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? ஒண்ணுன்னு வெச்சுக்கோ. கார்டுல இடம் மிச்சம்."

ஆறு புரோகிராமும் இதன் மேல்தான் நிற்கும் சார் என்றேன். அதற்குள் டீ வந்துவிட்டது.

மார்ச் 5
வீட்டில் அக்கா ரேணுகாம்பாளும் முனிசாமி மாமாவும் கோர்வைச் சேலை நெய்கிறார்கள். உடலும் கரையும் சேர, இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள் நூல் சுற்றிய நாடாவை எறிய வேண்டும். கம்ப்யூட்டரில் தறி மாமா பேரில் மட்டும்தான் ஏறும் என்றேன்.

"அப்போ நான் இன்னா, சும்மா குந்திக்கினு வேடிக்கை பாக்கறேனா?" என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 17
கம்ப்யூட்டர் மெஷின் ஓடுகிறது. லட்டு கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 20
மாமா போய்விட்டார். தறியிலேயே. நாடா கையில்.

செப்டம்பர் 9
"மெஷின்ல உங்க தறியே இல்லம்மா" என்று நூல் கொடுக்கும் குப்புசாமி அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார். இறந்தவர் பெயரை எடுத்தால் தறியும் போகும் — அப்படித்தானே எழுதினோம்! மாமா இடத்தில் தான் உட்காருவதாக, தன் பக்கத்துக்கு எதிர்வீட்டு வள்ளியைக்கூட அக்கா பேசி வைத்திருந்தாள்.

"நீங்க எழுதுன மெஷின்தானடி? என் பேரைப் போட்டு வுடு."

நாளைக்கு சாரிடம் கேட்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 10
"போனவர் இடத்துல வேற பேரு போட வழியே வெக்கலியேம்மா," என்றார் சார். "ஆறையும் பிரிச்சுக் கட்டணும். பெரிய முடிவு. அடுத்த வருஷம் கமிட்டில வெப்போம்."

"அன்னிக்குச் சின்னது, இன்னிக்குப் பெருசா சார்? கையால எழுதியாவது நூல் குடுங்க!"

"கையால எழுதறதை ஒழிக்கத்தானம்மா மெஷினே."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம்.

நவம்பர் 2
நெய்பவர் கால் இறக்கும் தறிக்குழியை அக்கா மண் கொட்டி மூடினாள். என்னை மண் கூடையைத் தொடவிடவில்லை.

டிசம்பர் 3
கமிட்டி. மெஷின் அறைக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்று மதியம்வரை பேச்சு.

வீட்டுக்கு வந்தால் அக்கா இல்லை. கண்ணாயிரம் வீட்டுக் கோர்வைத் தறியில், அந்தப் பக்கம், கூலிக்கு உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தறி மெஷினில் இருக்கிறது. அதற்கும் ஒரே பெயர் — கண்ணாயிரம்.