அப்பாவுக்காகக் கேட்ட ஆறு நாள்

மத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சௌபாக்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன். குவைத்து வெயிலில் நீயும் உடம்பு கெடாமல், அந்த வீட்டார் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்துக் கிடக்காமல், வேளைக்கு ஏதாவது வயிற்றில் போட்டுக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் நீ அழுகிறாய், நானும் அழுகிறேன், சொல்ல வந்தது நின்றுவிடுகிறது, அதனால்தான் கடிதம். போன வாரமும் மைசூர் ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டினாய், "தேதியைத் தள்ளியே எங்க அப்பாவைக் கொன்னுட்டாங்க" என்று. இனி திட்டாதே மகளே. தள்ளியது அவர்கள் இல்லை, நான். உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன்.

நெஞ்சு ஆபரேஷனுக்கு அவர்கள் ஜூன் ஒன்பது என்று நாள் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கூடவே ஆறு நாள் இருக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குத்தான் கம்பெனியில் இருபத்திரண்டு நாள் லீவு சேர்ந்து கிடக்கிறதே என்று தைரியமாக எழுதிக்கொண்டுபோய் லைன் சூப்பர்வைசர் சிவமாதுவிடம் நீட்டினேன். அவன் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. "ஏம்மா, இருபதாம் தேதி கப்பல்ல சரக்கு ஏறணும். நீ காலர் மெஷினை விட்டுட்டுப் போனா உன் வீட்டுக்காரரா வந்து தைப்பாரு?" என்றான். பக்கத்து மெஷின்காரிகள் சிரித்தார்கள், பயந்த சிரிப்பு, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆபீஸில் பவித்ரா மேடத்திடம் போனேன். நல்ல பெண், உட்காரச் சொன்னாள். லீவு எங்கள் உரிமை என்று வாசல் கேட் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறதே, ஒன்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதானே உள்ளே வருகிறேன் என்றேன். "யாரு அக்கா இல்லேன்னாங்க? லீவு உங்களோடதுதான். ஆனா எந்தத் தேதின்னு கம்பெனிதான் முடிவு பண்ணும். ஷிப்மென்ட் மாசத்துல யாருக்கும் கிடையாது" என்றாள். சொல்லாமல் மூன்று நாள் நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள் என்றும் மெதுவாகச் சொன்னாள். பெயர் போனால் இ.எஸ்.ஐ. அட்டையும் போகும் என்று பயந்தேன், அந்த அட்டையில்தான் ஆபரேஷனே. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஜூலை முதல் தேதிக்கு மாற்றிக்கொண்டேன். உன் அப்பா கோபிக்கவே இல்லை. "விடு, மூணு வாரந்தானே, கரும்புக்குத் தண்ணி பாய்ச்சிட்டுப் போலாம்" என்றார்.

ஜூன் பத்தொன்பது, காலை பதினோரு மணி இருக்கும், சிவமாது தானே வந்து என் மெஷினை நிறுத்தினான். "கெளம்பு அக்கா, வாசல்ல வண்டி நிக்குது" என்றான். அதுவரை அவன் என்னை அக்கா என்றதில்லை, கேட்டதுமே தெரிந்துபோயிற்று. தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். சாவுக்கு மூன்று நாள் லீவு, யாரும் தாள் கேட்கவில்லை. உனக்கும் உன் மேடம் இரண்டு வருஷம் முடியாமல் அனுப்பமாட்டேன் என்றுவிட்டாள். அவர் மூச்சு அடங்கும்போது நீயும் நானும் யாரோ ஒருத்தருடைய வேலையில் இருந்தோம்.

நாலாம் நாள் மெஷினில் உட்கார்ந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை மண்டியா லேபர் ஆபீசுக்கும் போனேன். அந்த ஆபீசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டம் உங்க பக்கந்தாம்மா. நீங்க கேட்டதுக்கும் அவங்க மறுத்ததுக்கும் எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார். எங்கே இருக்கிறது, அவன் தாளையே வாங்கவில்லையே. அந்த இருபத்திரண்டு நாளும் இன்னும் என் பெயரில் அப்படியே கிடக்கிறது.

நீ அந்த மேடத்தோடு சண்டை போடாதே, பாஸ்போர்ட் அவளிடம் இருக்கிறது. என்மேல் கோபம் வந்தால் போனில் திட்டிவிடு, பேசாமல் மட்டும் இருக்காதே. மலை மாதப்பன் சாமி உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். மார்ச்சில் அனுப்புவார்கள் என்றாயே, எந்தத் தேதி என்று தெரிந்த உடனே எழுது, ஒரு மாதம் முன்னாலேயே நான் லீவுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். கிடைக்காவிட்டால் சாவி பின்பக்க ஜன்னல் மேலே இருக்கும். திறந்து உள்ளே போ, களியும் குழம்பும் வைத்திருப்பேன், சாப்பிட்டுப் படுத்துக்கொள். ஆறரைக்கு வந்துவிடுவேன்.

உன் அம்மா,
புட்டத்தாயம்மா