அரைக் கிலோ இடம்

ஷிபெனிக்,
நவம்பர் 9, சனிக்கிழமை

அன்பு மகன் ஃப்ரானேவுக்கு அம்மா எழுதுறது. மாதா கிருபையில நானும் அப்பாவும் இங்க நல்லபடியா இருக்கோம், கார்க் ஊர் மழையில நீயும் சளி இருமல் இல்லாம இருக்கியான்னு தெரிஞ்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும். போன் இருக்கும்போது கடுதாசி எதுக்கும்மான்னு நீ சிரிப்ப. போன்ல நீ கேக்கறதுக்கு நான் பதில் சொல்றேன், அவ்வளவுதான். நீ கேக்காததைச் சொல்லப் போனா வாய் வர மாட்டேங்குது. காகிதம்னா நடுவுல குறுக்கே பேசாது பாரு. அதனால உக்காந்து நிதானமாப் படி, பஸ்ல நின்னுக்கிட்டே படிக்காதே.

நீ அனுப்பின முதுகுப் பை வந்து மூணு வாரம் ஆச்சு. சுகமா இருக்கா, அறைகள் உபயோகமா இருக்கா, எவ்வளவு கொள்ளுதுன்னு மூணு கேள்வி கேட்டிருந்த, ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க் வேற போடணுமாம். பிடிக்கலைன்னா முப்பது நாளைக்குள்ள திருப்பி அனுப்பிடலாம், டேக்கை மட்டும் அறுக்காதேம்மான்னு மூணு தடவை சொல்லிட்ட. சரி, உன் அம்மா அதையும் தொங்க விட்டுக்கிட்டே படி ஏறினா. காத்தடிச்சா காதுல வந்து படபடன்னு அடிக்கும். எதிர்ல வந்தவன் எல்லாம் என்ன நெதில்கா, கடையிலேர்ந்து நேரா ஓடி வந்துட்டியான்னு கேட்டான்.

ஆனா உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. இந்த வாரம் பையை நான் சோதிக்கல, என்னைத்தான் பை சோதிச்சுது. ஜனவரியில என் இடது மார்பை எடுத்தாங்கல்ல, அதை நாம ரெண்டு பேரும் இன்னிக்கு வரைக்கும் "அந்த விஷயம்"னுதான் சொல்றோம், அதுக்கப்புறம் இப்பத்தான் வேலைக்குத் திரும்பினேன். எங்க தலைமை நர்ஸ் ஸ்தென்கா என்னை விடப் பத்து வயசு சின்னவ, அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா, ஆனா உத்தியோகம்னு வந்துட்டா மூஞ்சி கல்லு. அக்கா, ஒரு வாரம் பாக்கறேன், உங்க பழைய மேல்தெரு வீடுகளுக்கு நீங்களே சுமந்துக்கிட்டுப் போய் வர முடிஞ்சா அது உங்களுக்குத்தான், முடியலைன்னா ரிட்டையர் ஆகற வரைக்கும் ஆபீஸ்ல போன் எடுங்கன்னு சொல்லிட்டா. வெள்ளிக்கிழமை கூடவே வந்து பாப்பேன்னும் சொன்னா. ஆறு வருஷம் போன் எடுக்கறதாடா? அந்த மேல்தெருவுல முப்பது வருஷத்துல பிறந்த குழந்தைகளை எல்லாம் என் கையால தூக்கி எடை பாத்திருக்கேன். அங்க காரும் போகாது சைக்கிளும் போகாது, படிதான், கால் இருக்கறவளுக்குத்தான் அந்த வேலை. டாக்டர் வேற முதுகுல ஆறு கிலோவுக்கு மேல ஏத்தாதே, கை வீங்கிடும்னு கண்டிச்சு சொல்லியிருந்தார்.

இப்ப உன் கேள்விக்கு வரேன். வெறும் பையே ஒண்ணரைக் கிலோ கனம், அதுக்கு ரெண்டு மார்க் வெட்டிட்டேன். சூட்கேஸ் மாதிரி முழுசா விரியுது பாரு, அது அருமை, பாதி மார்க் அதுக்கே குடுக்கலாம். கட்டில்மேல வச்சுத் திறந்தா பஞ்சு ஒரு பக்கம், கட்டுத்துணி ஒரு பக்கம், பிரஷர் பாக்கற மெஷின் நடுவுல, எல்லாம் கண்ணுக்கு எதிர்ல இருக்கு, பழைய பையில கையை விட்டுத் துழாவுற மாதிரி இல்ல. கீழ வச்சா சாயாம நிக்குது. ஆனா உள்துணி எந்தப் புண்ணியவான் கறுப்பு போட்டான்? கறுப்புப் பைக்குள்ள கறுப்பு அறையில கறுப்பு மூடி வச்ச தெர்மாமீட்டரை எங்க போய்த் தேடறது? தண்ணி பாட்டிலுக்கு ஓரத்துல ஒரு பை வச்சிருக்கான், பையைக் கழட்டாம அதை எடுக்கணும்னா கை பின்னாடிப் பக்கமா முளைச்சிருக்கணும். இடுப்புகிட்ட முதுகோட ஒட்டின ரகசிய அறை ஒண்ணு இருக்கே, அதுக்கு நூத்துக்கு நூறு. எழுந்து வந்து கதவு திறக்க முடியாதவங்க நாலு வீட்டுச் சாவி என்கிட்ட இருக்குல்ல, அது அங்க பத்திரமா உக்காந்துக்குது. கம்ப்யூட்டர் வைக்க மெத்து மெத்துன்னு ஒரு அறை வச்சிருக்கான். என்கிட்ட ஏது கம்ப்யூட்டர், திங்கள்கிழமை அதுல ரெண்டு கட்டு பிளிட்வாக் கீரை நின்னுக்கிட்டு வந்துச்சு, ஒரு இலை கசங்கல.

கீரை எப்படி வந்துச்சுன்னா, அங்கதான் வம்பே. குழந்தை எடை பாக்கற தொங்கு தராசு என்கிட்ட இருக்கே, அதுல காலையில பையை மாட்டிப் பாத்தேன், அஞ்சரைக் கிலோ. டாக்டர் சொன்ன ஆறுக்கு இன்னும் அரைக் கிலோ இடம் இருக்கு. ஆனா நம்ம ஊர் ஜனங்க பாசத்துக்கு அரைக் கிலோ எந்த மூலைக்கு? உனக்குத் தெரியாததா. புதுசா பிள்ளை பெத்திருக்காளே பெத்ரா, அவ வீட்டுல ஒரு பாட்டில் புது ஆலிவ் எண்ணெய். அடுத்த வீட்டுல முட்டைக்கோஸ், உன் தலை பெருசு. மூணாவது வீட்டுல அத்திப்பழமும் அந்தக் கீரையும். உச்சியில ஷீமே அண்ணன், கால் புண்ணுக்கு வாரம் மூணு நாள் கட்டு மாத்தப் போறேனே, படகு மெக்கானிக்கா இருந்தவர், அவர் ரெண்டு கிலோ உருளைக்கிழங்கை எடுத்து நானே திறந்து வச்ச பைக்குள்ள தள்ளிட்டார். வேண்டாம்னு எப்படிச் சொல்றது? வேண்டாம்னா மூஞ்சி தொங்கிப் போகும், ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும். ஆபரேஷனுக்குப் போனப்போ ஜாக்ரெப்ல அக்கா வீட்டுக்குப் போறேன்னுதானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனேன். அய்யோ பாவம் நெதில்கான்னு பின்னாடி பேசறதை என்னால தாங்க முடியாதுடா. அதனால வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து தராசுல மாட்டினா முள் பத்தைத் தொட்டு டொக்குன்னு நின்னுடுச்சு, அதுக்கு மேல அதுக்கே தெரியல.

சுகம் எப்படின்னு கேட்ட. தோள் பட்டி தடிமனா நல்லாத்தான் இருக்கு. ஆனா நெஞ்சுப் பட்டின்னு குறுக்கே ஒண்ணு வச்சிருக்கான் பாரு, அது நேரா தையல் போட்ட தழும்பு மேலயே வந்து உக்காந்துடுச்சு. மாட்டினேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மாட்டாம விட்டா இடது தோள் இப்பக் கொஞ்சம் இறங்கிப் போனதால பட்டி வழுக்கி வழுக்கிக் கைக்கு வருது. திங்கள்கிழமை முழுக்க ஒரு கையால பட்டியைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினேன். செவ்வாய்க்கிழமை காலையில இடது கையில வாட்ச் வழக்கமான துளையில மாட்டல. நான் நர்ஸு, அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குச் சொல்லித் தர வேண்டாம். குளியலறையில உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன். உன்கிட்ட அன்னிக்குச் சாயங்காலம் போன்ல பை பிரமாதம்னு சொன்னேனே, அதே நாள்தான்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பையை மடியில வச்சு ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தார். அந்த நெஞ்சுப் பட்டி மேலயும் கீழயும் நகருதுன்னு கண்டுபிடிச்சுட்டார். அமெரிக்காவைக் கண்டுபிடிச்ச மாதிரி கூவி என்னைக் கூப்பிட்டார். கழுத்தெலும்புக்குக் கீழ ரெண்டு விரல் தள்ளி மாட்டினா தழும்புல படவே இல்ல. இடுப்புப் பட்டியை நல்லா இழுத்துக் கட்டுடி, கனம் தோளுக்கு எதுக்கு, இடுப்புக்குக் குடுன்னார். அட, அதுக்கப்புறம் அஞ்சரைக் கிலோ இருக்கற இடமே தெரியல. சுகத்துக்கு எட்டு மார்க் போட்டுக்கோ, அதுல நாலு அப்பாவோடது.

அஞ்சரைக்குச் சரி, ஊர் பாசத்துக்கு? புதன்கிழமை ஒரு தில்லுமுல்லு பண்ணினேன். ஒரு வீட்டுல வாங்கினதை அடுத்த வீட்டுல குடுத்துட்டேன். ஷீமே அண்ணனோட உருளைக்கிழங்கு பெத்ரா வீட்டுக்கு, பெத்ராவோட எண்ணெய் அத்திப்பழக்காரி வீட்டுக்கு. வியாழக்கிழமை அத்திப்பழக்காரி அதே எண்ணெய் பாட்டிலைத் துணியில சுத்தி எனக்கே குடுத்தா, மூடியில பெத்ரா கட்டின சிவப்பு நூல்கூட அப்படியே இருந்துச்சு. இந்த ஊர்ல ஒரு பொருளை ஒழிக்கவே முடியாதுடா.

நேத்து வெள்ளிக்கிழமை. ஸ்தென்கா சின்னக் கைப்பையை மாட்டிக்கிட்டு என் பின்னாடியே ஏறி வந்தா, எனக்கு மூச்சு வாங்குதா, எங்க நிக்கறேன்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தா. அவளுக்குத்தான் வாங்குச்சு. முதல்ல பெத்ரா வீடு. அவ குழந்தை ரோகோ பிறந்து மூணு வாரம், போன வாரம் எடை இறங்கிட்டான்னு அந்தப் பொண்ணு தூங்காம கிடந்தா. துணித் தொட்டில்ல போட்டுத் தராசுல மாட்டினேன், இருநூத்துப் பத்து கிராம் ஏறியிருக்கான்! பெத்ரா என்னைக் கட்டிக்கிட்டு அழுதா, நல்லவேளை வலது பக்கமாக் கட்டிக்கிட்டா. அந்தச் சந்தோஷத்துல அவ எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கிட்டு வந்தா. பக்கத்துல ஸ்தென்கா நிக்கறா. வாங்கி வச்சேன். அடுத்த வீட்டுல பூசணி. ஷீமே அண்ணன் வீட்டுப் படியில கால் வைக்கும்போது கை திம்முன்னு கனக்க ஆரம்பிச்சுடுச்சு.

அண்ணனுக்குக் கட்டு மாத்தி முடிச்சேன், புண்ணு நல்லா ஆறிக்கிட்டு வருது. ஸ்தென்கா குறுக்குக் காத்து கழுத்துல அடிக்குதுன்னு கதவை மூடிட்டு ஓரமா நின்னா. அண்ணன் நொண்டிக்கிட்டுப் போய் உருளைக்கிழங்குப் பையைத் தூக்கிக்கிட்டு வந்தார். எனக்கு என்ன வந்துச்சோ தெரியல ஃப்ரானே. அண்ணே, வேண்டாம், எனக்கு ஜனவரியில மார்பை எடுத்துட்டாங்க, இதுக்கு மேல என்னால சுமக்க முடியாதுன்னு சொல்லிட்டேன். ஸ்தென்கா தரையைப் பாத்தா. ஷீமே அண்ணன் உருளைக்கிழங்கைக் கீழ வச்சுட்டு, ஏம்மா, இதைச் சொல்ல உனக்குப் பத்து மாசம் ஆச்சான்னார். உங்களுக்குத் தெரியுமான்னேன். பிப்ரவரியிலயே மேல்தெரு மொத்தத்துக்கும் தெரியும், ஜாக்ரெப்ல அக்காவாம் அக்கா, நீ அங்க இருக்கறதாச் சொன்ன நாள்லயே உன் அக்கா இங்க வந்து உன் வீட்டுக்காரருக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டிருந்தா, அதுலயே புரிஞ்சு போச்சுன்னார். அப்புறம் எதுக்கு இப்படி மூட்டை மூட்டையா ஏத்தினீங்கன்னு எனக்குக் கோபமே வந்துடுச்சு. அதுக்கு அவர், குடுக்கறதை நிறுத்தினா எங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு உனக்குத் தெரிஞ்சுடுமேம்மா, நீதான் மறைக்கணும்னு நினைச்ச, நாங்க எப்பவும்போல குடுக்கணும்னு பேசி வச்சுக்கிட்டோம், பெத்ரா மட்டும் பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் கனமா இருக்கேன்னு சொன்னா, அவளையும் அதட்டிட்டோம்னார். நான் சிரிச்சேனா அழுதேனான்னு எனக்கே தெரியல. பாவம், என்னைப் பாவம்னு நினைக்கக் கூடாதுன்னு என் தோளை உடைச்சிருக்காங்க.

கீழ இறங்கும்போது ஸ்தென்கா அந்த உருளைக்கிழங்கைத் தன்னோட சின்னக் கைப்பையில திணிச்சுக்கிட்டா, ஜிப் போடவே முடியல. பாதிப் படியில நின்னு, திங்கள்கிழமையிலேர்ந்து உங்க தெருவுக்கு நீங்களே போங்க அக்கா, எவனாவது பூசணிக்காய் குடுத்தா என்கிட்ட அனுப்புங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம போனா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கதவுக் கைப்பிடியில நாலு பை தொங்குது, கீழ ஒரு பூசணி உக்காந்திருக்கு. எல்லாரும் தாங்களே இறங்கி வந்து மாட்டிட்டுப் போயிருக்காங்க. அப்பா வெளிறிப் போய், நெதில்கா, இப்படிக் கொண்டு வந்து குவிக்க நம்ம வீட்டுல யாரு செத்துட்டாங்கன்னு கேட்டார். யாரும் சாகலய்யா, காபி போடுன்னேன்.

அப்புறம் கட்டுத்துணி வெட்டற கத்தரியை எடுத்து அந்த டேக்கை அறுத்துட்டேன். இனிமே பையைத் திருப்பி அனுப்ப முடியாது, மன்னிச்சுக்கோ. கொள்ளளவுக்கு மார்க் போட மாட்டேன், அது பையோட குத்தம் இல்ல.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோட வெளிய போகாதே, அந்த மெல்லிசுக் கோட்டைத் தூக்கி எறிஞ்சுட்டுத் தடிமனா ஒண்ணு வாங்கு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது காலிப் பையோட வா, நிரப்ப நாங்க இருக்கோம். மாதா உன்னை வழியில எல்லாம் காப்பாத்தட்டும், போற இடத்துல நல்ல மனுஷங்க கிடைக்கட்டும்.

ஒண்ணே ஒண்ணு மறக்காதே. பத்து மாசமா ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது மழையைக் கேக்கற, அப்பா முட்டியைக் கேக்கற, இப்ப மூணு வாரமா பையைக் கேக்கற. நெஞ்சுப் பட்டி எங்க உக்காருதும்மான்னு நீ ரெண்டு தடவை கேட்டப்போ எதைக் கேக்கறன்னு எனக்குப் புரியலன்னா நினைச்ச? நீயும் மேல்தெருக்காரன்தான்டா. இந்த ஞாயித்துக்கிழமை பையைக் கேக்காதே கண்ணு. அம்மா, உனக்கு எப்படி இருக்குன்னு கேளு. நான் சொல்றேன்.

உன் வழி பாத்திருக்கற அம்மா,
நெதில்கா