ஆகாரின் மறுபாதி

1926 பிப்ரவரி 11, வியாழன். சிம்பாங் பூலாய், மலாயா.

இன்று ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் பெண்களுக்கு ஆகார் கதை. நன்றாக வந்தது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? பழைய ஏற்பாட்டில் அவளுக்குக் கிடைத்தது கொஞ்சம் வரிகள்தான். எகிப்துக்காரி, அடிமைப்பெண், எஜமானி சாராளுக்குப் பிள்ளை இல்லாததால் எஜமானுக்குப் பிள்ளை பெற வைக்கப்பட்டவள். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. கறுப்பு ஆட்டுமயிரில் கூடாரம் போட்டுக் கொடுத்தேன். விடியுமுன் எழுப்பித் திரிகையில் மாவரைக்க வைத்தேன். ஊர் நினைப்பு வந்தபோது ஒட்டகத்திடம் புலம்பவிட்டேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இல்லாததைச் சேர்க்காதே என்று, வேதக்கதை சொல்ல என்னை அனுப்பும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா கண்டிப்பார். அவருக்குத் தமிழ் பாதிதான் புரியும், அந்தமட்டும் தப்பித்தேன்.

இருளாயி மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் காய்ச்சலில் போனபிறகு உடையப்பன் கங்காணி வைத்துக்கொண்டவள். மடியில் கங்காணியின் மூன்று மாதப் பையன். கங்காணியின் மனைவி வீரம்மாவுக்குப் பிள்ளை இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் கதையை எடுத்தேனா? வரிசைப்படி வந்தது, அவ்வளவுதான்.

கொடுமை தாங்காமல் ஆகார் வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். தூதன் வந்து, எஜமானியிடம் திரும்பிப் போ, அடங்கி இரு என்கிறான். அங்கே நிறுத்திவிட்டேன். பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகு அவள் ஒரேயடியாக வெளியேறும் மறுபாதி இருக்கிறது. சொல்ல நேரமும் இருந்தது. ஆனால் கங்காணி வாசலில் வந்து நின்றார். அவர் தயவில்லாமல் அந்த லயத்தில் நான் கால் வைக்க முடியாது.

"அப்புறம் என்னாச்சும்மா?" என்று இருளாயி கேட்டாள்.

"திரும்பிப் போயிட்டா. அவ்வளவுதான்."

"நல்ல கத. இப்படித்தான் புத்தி சொல்லணும்," என்றார் கங்காணி. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 20, சனி

எப்படி எழுதுவது? எழுதாமல் தூக்கம் வராது.

மத்தியானம் கதவைத் தட்டினாள் இருளாயி. சேலைக்குள் பிள்ளை. போன ஞாயிறு பேர் வைப்பாம். யார் மடியில் போட்டுப் பேர் வைக்கிறார்களோ அவள்தான் தாய் என்பது அவர்கள் வழக்கம். பிள்ளையை வீரம்மா மடியில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் கங்காணி வீட்டில். இவள் பால் கொடுக்க மட்டும் போய்வர வேண்டும். அப்படிப் போன இடத்திலிருந்துதான் இன்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வருகிற மாதம் வீரம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பினாங்கில் கப்பலேறி ஊருக்குப் போகப்போகிறாள், அங்கேயே வளர்க்க.

"எங்கயாச்சும் ஒளிச்சு வையுங்கம்மா. ஈப்போவுல உங்க கோயில் ஆளுங்க இருப்பாங்கள்ல?"

இருக்கிறார்கள். பெண்கள் விடுதியே இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கங்காணி முகம்தான் கண்முன் நின்றது. இந்த ஒரு லயத்துக்குள் நுழைய நான் எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறேன்! அப்புறம் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? ஆகாரையும் ஆண்டவர் திரும்பிப் போகத்தானே சொன்னார் என்றது. அவள் பிள்ளையைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு எழுந்துவிட்டாள். எதிர்த்து ஒரு சொல் பேசியிருந்தால்கூட எனக்கு நன்றாயிருக்கும்.

நானே கூட்டிக்கொண்டு போனேன். உச்சி வெயிலில் செம்மண் சடக்கு வழியே நடந்தோம். பாதி வழியில், "தண்ணி குடிச்சுட்டுப் போலாம்மா, நெஞ்சு காயுது," என்றாள். பக்கத்தில் சீனன் தோட்டத்தில் கிணறு இருந்தது. கங்காணி தேடத் தொடங்கும் முன் சேர்த்துவிட வேண்டுமே என்று எனக்கு அவசரம். "லயத்துல போய்க் குடிச்சுக்கலாம், நட," என்றேன்.

நட என்றேனே. பால் கொடுக்கிறவளிடம்.

பிப்ரவரி 21, ஞாயிறு

ஈப்போவில் ஆராதனை. பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன்.

பிப்ரவரி 25, வியாழன்

ஓடிப்போனதற்குத் தண்டனையாக, இருளாயி இனிப் பால் கொடுக்கவும் கங்காணி வீட்டுப் படியேறக் கூடாதாம். பிள்ளைக்கு டப்பாப் பால். லயத்தின் கடைசி அறையில் அவள் மார்பை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டியதையும் மீறித் துணி நனைந்திருந்தது. நான் வாசலில் நின்றேன். 

இந்த வாரப் பாடம் ரெபெக்காள். கிணற்றடியில் ஒட்டகங்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு ஊற்றினவள். பாதியில் நிறுத்திவிட்டேன். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 2, செவ்வாய்

சர்க்கரை வாங்க ஜைனுலாப்தீன் கடைக்குப் போனேன். அவர் இல்லை, மனைவி சாலிஹா நிறுத்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு ஆள் இல்லாததைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"எங்க ஹாஜரா உம்மா கதைய அந்தப் புள்ளகிட்டப் பாதியில நிறுத்திட்டிங்களாமேக்கா?"

ஆகாரைத்தான் அவர்கள் ஹாஜரா என்பார்கள். அரிசி வாங்க வந்த இருளாயி இவரிடம் எல்லாம் சொல்லி அழுதிருக்கிறாள். சாலிஹா தம் மார்க்கத்தில் உள்ளபடி மிச்சத்தைச் சொல்லியிருக்கிறார்: பாலைவனத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் தேடி அந்தத் தாய் இரண்டு குன்றுக்கு நடுவே ஓடி ஓடிக் களைத்தது, பிள்ளையின் காலடியிலேயே ஊற்று பீறிட்டது.

"கேட்டுட்டு அந்தப் புள்ள என்ன சொன்னிச்சு தெரியுமா? 'அப்ப அவ புள்ள அவகிட்டதான் இருந்துச்சா'ன்னுச்சு."

"மறந்து போச்சு" என்று சொல்ல வாயெடுத்தேன். சாலிஹா முகத்தைப் பார்த்தபின் வரவில்லை. "பயந்துட்டேன்," என்றேன்.

"பயந்தா என்னக்கா, கத இன்னும் இருக்குல்ல? வீரம்மா ஒங்க கூட்டத்துக்கு வருவாகல்ல?" சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டினார். "அடுத்த புதன் கெளம்புறாக. டப்பாப் பால் நெறய எடுத்து வைக்கச் சொல்லியிருக்காக."

மார்ச் 4, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வீரம்மா முன்வரிசையில், மடியில் பிள்ளை. டப்பாப் பால் ஒத்துக்கொள்ளாமல் மெலிந்திருந்தான். அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினான். இருளாயி வரவில்லை. கங்காணி வழக்கம்போல் வாசலில். 

"போன மாசம் ஆகார் கதையில் பாதியைத் திருடிக்கொண்டேன்," என்று தொடங்கினேன். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு ஒரு பிள்ளை என்றால் என்ன என்று சொன்னேன். கூடாரத்தில் அவளுக்கு மரியாதை தருவது பிள்ளை, வயதான பிறகு சோறு போடுவதும் பிள்ளை. சாராளை நான் கெட்டவளாக்கவில்லை. எத்தனையோ வருஷம் வெறும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவளுக்கும் வலி இருந்தது என்றேன். அதைச் சொல்லும்போது வீரம்மாவைப் பார்க்கவில்லை. பிறகு, சாராள் துரத்திய நாள். கொஞ்சம் அப்பம், ஒரு தோல்துருத்தித் தண்ணீர். தண்ணீர் தீர்ந்தது. பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டாமல் அவனைச் செடி நிழலில் விட்டுவிட்டுத் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுத தாய். அப்போது அவள் கண்ணுக்குத் தெரிந்த கிணறு.

கையிலிருந்து எதையும் சேர்க்கவில்லை. ஒட்டகம்கூட இல்லை.

முடித்தபோது வீரம்மா கேட்டாள்: "தொரத்துனப்ப, புள்ளய அவகூடத்தான் அனுப்புனாளா?"

"ஆமாம்மா. ஆகாரைத் துரத்தினாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை."

"அவ்வளவு கொடுமக்காரிகூடவா புடுங்கல?"

"அவளும்கூட."

வீரம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கங்காணியைத் தாண்டிப் போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

மார்ச் 5, வெள்ளி

கங்காணியே வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். "இனிமே தோட்டத்துப் பக்கம் ஒங்களப் பாக்கக் கூடாது. குடும்பத்தக் கலைக்கவா வேதம் படிக்கிறீங்க?"

இரண்டு வாரத்துக்கு முன் இதற்குப் பயந்துதான் இருளாயியை அழைத்துக்கொண்டு போய் விட்டேன். இவ்வளவுதான் இது. இதற்காகவா?

மார்ச் 8, திங்கள்

சாலிஹா ஆளனுப்பிக் கூப்பிட்டார். கடைக்குப் பின்கட்டில் வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

நேற்று, டப்பாப் பால் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வீரம்மா பிள்ளையோடு வந்தாளாம். இருளாயியையும் வரச் சொல்லியிருக்கிறாள். அவளைத் தரையில் உட்காரச் சொல்லி, பிள்ளையை மடியில் போட்டு, வைத்த பேரையே காதில் இன்னொரு முறை சொன்னாளாம், "பத்துமலை" என்று. "கட்டுச்சோறு கொண்டாந்திருக்கேன், தண்ணியும் இருக்கு. போ," என்றாளாம். அப்புறம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வீரம்மா அழுத அழுகையைச் சாலிஹாவால் சொல்ல முடியவில்லை.

பத்து காஜா டவுனில் சாலிஹாவின் அண்ணன் தாவூத் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். இருளாயியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டி நேரே அங்கே போய்விட்டது. வீட்டில் வீரம்மா என்ன பட்டாளோ, தெரியவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

சாலிஹா தலையை ஆட்டினார். "இல்லக்கா."

பொய் சொல்லாமல் இருந்தாரே, அது போதும்.

ஆகஸ்ட் 14, சனி

மிஸ்ஸியம்மா என்னைப் பத்து காஜா ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார். நோயாளிப் பெண்களுக்குக் கதை சொல்ல வேண்டும். வந்து ஒரு மாதமாகிறது. தாவூத் கடை இருக்கும் தெரு வழியாக நான் போவதே இல்லை. சுற்றிக்கொண்டு போகிறேன்.

இன்று நல்ல வெயில். கால் தானாக அந்தத் தெருவில் திரும்பியது என்றால் பொய். நானாகத்தான் திரும்பினேன். கடை வாசலில் போய் நின்றுவிட்டேன். உள்ளே அம்மியடியில் இருளாயி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்து விழுந்து, மறுபடி எழுந்தான் பத்துமலை. கன்னம் உப்பியிருந்தது.

அவள் தலை நிமிர்ந்தாள்.  மன்னிச்சுக்கோ என்று கேட்க நினைத்திருந்தேன், கேட்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் பெஞ்சில் வைத்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிச்சுட்டுப் போங்க," என்றாள். திரும்பிப் போய் அரைக்கத் தொடங்கினாள்.

நின்றபடியே குடித்தேன், ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல்.