மேகத்தறியும் இரண்டு பொட்டலமும்

முருகன் துணை

மன்னவனூர்
24.7.2025

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம். திருப்பூர் வெக்கையில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. போன் பண்ணியிருக்கலாமே என்பாய். சிக்னல் வேண்டுமென்றால் பூண்டுக் கிடங்கு மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கே நின்று பேசினால் ஊருக்கே கேட்கும். அதனால் கடிதம்.

ஆடிக் கிருத்திகைக்குப் பழனிக்கு இறங்கினோம். மலையேறிக் கும்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹபீப் பாய் மொபைல் கடையில், நீ எனக்காகப் போட்டுக் கொடுத்த ஆப்பில் 'மேகத்தறி' சினிமாவை இறக்கி வாங்கினேன். "பேரப்பிள்ளைக்காம்மா?" என்று பாய் கேட்டார். "எனக்குத்தான் பாய்" என்றேன். உன் அப்பா கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். வீட்டுக்கு வரும்வரை, "சப்பான்காரனுக்கு மன்னவனூர்ல ஒரு ஆளு இருக்குன்னு தெரியுமாடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

டி.வி.யில் மேகத்தறி ஜப்பான் பொம்மைப் படத் தொடராக வந்தபோது நீ எட்டாவது படித்தாய். ஐம்பத்திரண்டு பாகத்தையும் இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து பார்த்தோம். பாகத்துக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதி வைத்தேன், ஞாபகமிருக்கிறதா? மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பாதிக்கு மேல் அவர்கள் பேச்சை அப்படியே விட்டு அடியில் தமிழ் எழுத்து ஓடவிட்டார்கள். ஓடுவதற்குள் பிடிக்கப் பழகித்தான் வெரசாகப் படிக்க வந்தது எனக்கு.

அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சினிமாவைச் சரிபார்த்தேன். டி.வி.யில் கதைப் பொண்ணு சயோவின் தறிக்குப் பதினொரு இழை. சினிமாவில் ஏழுதான். டி.வி.யில் அவள் அம்மா அரிசி களைவதை முழுசாகக் காட்டுவார்கள், மூன்று தண்ணீர் மாற்றுவாள். சினிமாவில் சோறு வெந்தே வருகிறது. ஆனால் மலையில் இறங்குகிற மஞ்சு சினிமாவில்தான் நிஜம். நம் ஏரிக்கரையில் வருகிற மாதிரியே, முதலில் ஆட்டுப்பண்ணை மறையும், பிறகு மரம் மறையும், கடைசியில் நம் கை.

ஒன்று மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை. மேக நெசவாளர்களோடு சயோ மலைக்கு அப்பால் கிளம்ப இருந்த அன்று, அவள் அம்மா யாருக்கும் தெரியாமல் நூல் மூட்டையைத் தண்ணீரில் முக்கிவிடுவாளே, முப்பத்தொன்றாம் பாகம். நனைந்த நூலோடு போக முடியாமல் சயோ தங்கிவிடுவாள். சினிமாவில் புயல் வந்து நனைத்துவிடுகிறது. அந்த அம்மாவும் கூட நின்று அழுகிறாள். ஏன் அப்படி மாற்றினார்கள்? உனக்குத் தெரிந்திருக்கும், எழுது.

முடிவில் பேர்கள் ஓடின. ஜப்பான் எழுத்து தெரியாது, வரியை எண்ணினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. ஏனோ நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

தீபாவளிக்கு வருவாயா? போன வருஷமும் வரவில்லை.

உன் அம்மா
வேலுத்தாய்


திருப்பூர்
2.8.2025

என் அன்பு அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பதினொரு இழை ஏழானதை இங்கே ஒருத்தியும் கவனிக்கவில்லை. "உங்கம்மாவை ஜப்பானுக்கு அனுப்பு, தப்புக் கண்டுபிடிக்கிற வேலை குடுப்பாய்ங்க" என்கிறாள் என் அறைத்தோழி ஷைமா. இழையைக் குறைத்தது கஞ்சத்தனம் இல்லை அம்மா. பெரிய திரையில் தறி அசையும்போது ஒவ்வொரு இழையையும் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். நாலு இழை குறைந்தால் எத்தனையோ பேருக்கு எத்தனையோ நாள் மிச்சம்.

புயல் விஷயம் வேறு. டி.வி. தொடருக்கு ஒரே ஒரு அம்மாள் உட்கார்ந்து ஐம்பத்திரண்டு பாகத்தையும் எழுதினாள். சினிமாவுக்கு டைரக்டர் வேறு, எழுதியவர்கள் நாலு பேர், பணம் போட்ட கம்பெனிகள் ஏழோ எட்டோ. முதலில் நூலை நனைப்பது அம்மா என்றுதான் எடுத்தார்களாம். போட்டுப் பார்த்தபோது ஜனங்களுக்கு அந்த அம்மாவைப் பிடிக்கவில்லை. பிடிக்காத அம்மாவின் பொம்மை விற்காது. உடனே புயலை வரவழைத்துவிட்டார்கள். ஒரு பேட்டியில் படித்தேன்.

போன மாதம் எங்கள் கம்பெனிக்கே சயோ படம் போட்ட குழந்தைச் சட்டை ஆர்டர் வந்தது. நான் வரைய வேண்டியதில்லை, படம் அங்கிருந்தே வந்துவிடும். இரண்டு வயசு, நாலு வயசு, ஆறு வயசு என்று அளவுக்குச் சுருக்கிக் கொடுப்பதுதான் என் சோலி. நாள் முழுக்க அவள் முகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு டி.வி. அம்மாவைத்தான் பிடிக்கும். மூணு பாகம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு முப்பத்து நாலில் அவளே வந்து சொல்வாளே. சினிமா அம்மாவிடம் சொல்ல ஒன்றுமே இல்லை, பாவம்.

நீ அந்தப் பேர்களில் என்ன தேடினாய் என்று எனக்குத் தெரியும். தேடாதே அம்மா. அன்றைக்குச் சாமி வெள்ளையைக் கொடுத்தது, முடிந்தது. உன் மேலோ அப்பா மேலோ எனக்கு வருத்தமில்லை. சாமி மேல்தான் கொஞ்சம். ஆறு வருஷமாக நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

தீபாவளிக்குப் பார்க்கலாம்.

சுகன்யா


முருகன் துணை

மன்னவனூர்
10.8.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாயிற்று. கேரட் அறுப்பு நடக்கிறது. வேலையாட்களுக்குச் சோறு ஆக்குகிறேன், உப்புப் போட்டேனா என்பதுகூட நினைவில்லை. "என்ன வேலு, ஒடம்புக்கு முடியலையா? சொல்லித் தொலையேன்" என்கிறார் அப்பா. உன்னிடம் சொல்லாமல் அவரிடம் எப்படிச் சொல்வது?

நீ கோயிலுக்குப் போவதில்லை என்று எழுதினாய். அதைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

2019 மாசியில் ஜப்பானிலிருந்து உனக்குக் கடிதம் வந்தது. படம் வரைகிற பயிற்சி, இரண்டு வருஷம், செலவெல்லாம் அவர்களுடையது. அப்பா சரி என்றுவிட்டார். நான்தான் சாமியைக் கேட்போம் என்றேன். பூம்பாறை வேலப்பர் முன்னால் பூக்கட்டிப் பார்த்தோம். சிவப்பு அரளி வந்தால் போகலாம், வெள்ளை நந்தியாவட்டை வந்தால் போக வேண்டாம். இலையில் வைத்துப் பொட்டலம் கட்டியது நான்.

இரண்டிலும் நந்தியாவட்டைதான் வைத்தேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு, எதை எடுப்பது என்று விரலை இங்கும் அங்கும் கொண்டுபோனாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எடுத்துப் பிரித்துவிட்டு, "சரிம்மா" என்றாய். இன்னொரு பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து ஏரியில் போட்டேன்.

போனால் திரும்பி வரமாட்டாய் என்று பயந்தேன். இப்போது திருப்பூரிலிருந்தும்தான் வருவதில்லை.

தோட்டத்தில் பறிக்கிற பூ முதற்கொண்டு நோட்டில் எழுதுகிறவள் நான். அன்றைய பக்கத்தில் 'கோயிலுக்கு நந்தியாவட்டை இரண்டு' என்று இருக்கிறது. அரளி என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். உன்னிடமே இருக்கட்டும்.

சினிமாக்காரர்கள் பழியைப் புயல் மேல் போட்டார்கள். நான் வேலப்பர் மேல் போட்டேன். உன் கோபத்தைச் சாமியிடமிருந்து எடுத்துவிடு தாயி. வைக்க வேண்டிய இடம் இது.

அம்மா


திருப்பூர்
7.9.2025

அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போனேன்.

முப்பத்தைந்தாம் பாகத்தை உன் நோட்டில் எடுத்துப் பார். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு சயோ தறியில் போய் உட்காருவாள். பாகம் முழுக்க ஒரு வசனம்கூட இல்லை. "என்னத்தா, கரண்டு போயிருச்சா, சத்தத்தையே காணோம்" என்று நீ டி.வி.யைத் தட்டினாய். நான் சிரித்தேன்.

அன்றைக்கு இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நீ கட்டியது.

தீபாவளிக்கு வருவாயா என்று கேட்டிருந்தாய். எனக்கே தெரியவில்லை. பூ தபாலில் வாடிவிடும். அதனால் கட்டிங் மேஜையில் கிடந்த துண்டுத் துணியை உள்ளே வைத்து இரண்டு பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். வேலப்பர் முன்னால் வைத்து நீ எடு. சிவப்பு வந்தால் வருகிறேன். வெள்ளை வந்தால் வரவில்லை. வந்ததை எழுது.

கட்டியது நான்.

சுகன்யா


முருகன் துணை

மன்னவனூர்
16.9.2025

அன்பு மகள் சுகன்யாவுக்கு,

பொட்டலம் இரண்டும் வந்து சேர்ந்தது. இன்று வெள்ளனே குளித்து, காலை பஸ்ஸில் பூம்பாறைக்குப் போனேன். "கேரட் லோடு ஏத்துற நாள்ல கோயிலா?" என்று அப்பா சத்தம் போட்டார். பஸ் ஏறுவதற்கு முன்னால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "புள்ள அன்னைக்கு ராவு சாப்பிடலையே வேலு" என்றார். லோடு ஏற்றப் போய்விட்டார்.

சன்னிதியில் கூட்டமில்லை. இரண்டையும் படியில் வைத்துக் கண்ணை மூடினேன். உன் விரல் மாதிரியே என் விரலும் இங்கும் அங்கும் போயிற்று. எடுத்துப் பிரித்தேன்.

வெள்ளை.

இதை எழுத உட்கார்ந்தபோது சிவப்பு என்று எழுதிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன், வந்தது. எழுதவில்லை.

இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன். அதில் சிவப்பு இருந்தால், சாமி எனக்குத் தந்தது இவ்வளவுதான் என்று ஆகும். வெள்ளை இருந்தால் என்ன ஆகும் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. முடிச்சு லேசாகத்தான் இருந்தது, நகத்தால் தட்டினால் அவிழ்ந்துவிடும்.

நீ கட்டியது. பிரிக்கவில்லை.

சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அப்பாவும் தொடமாட்டார். என்றைக்காவது நீ வந்தால் நீயே எடுத்துக்கொள். வராவிட்டால் அங்கேயே இருக்கட்டும்.

கோயிலுக்குப் போ என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வேலப்பர் உனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்பதை மட்டும் நம்பு.

இன்றைய நோட்டில் எழுதியது இது: வெள்ளை ஒன்று. பிரிக்காதது ஒன்று.

அம்மா