கோழிக்கால் இராணியின் முகம்

சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
6-10-1935

அன்புள்ள பூரணத்துக்கு,

நான் உயிரோடும் உத்தியோகத்தோடும் இருக்கிறேன். இரண்டில் எது முக்கியம் என்று எங்கள் ரெயில்வேக் கந்தோரில் கேட்டால் உத்தியோகம் என்பார்கள். நீரும் கிள்ளானில் உம்முடைய தமையனார் வீட்டில் சுகமாக இருப்பீர் என்று எழுதுவது வழக்கம். ஆகையால் எழுதுகிறேன்.

பிள்ளையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும், இரண்டு கிழமை இருந்துவிட்டு வருகிறேன் என்று போனீர். அந்த இரண்டு கிழமைக்கு இது ஏழாவது மாதம். குறை சொல்லவில்லை. ரெயில்வேயில் நாங்களும் தாமதம் என்று சொல்வதில்லை. நேரம் திருத்தப்பட்டது என்று பலகையில் எழுதிவிடுவோம்.

காரியத்துக்கு வருகிறேன். குணபூசணி என்னிடம் ஒரு படம் கேட்டது உமக்கு நினைவிருக்கும். "அப்பா, ஒரு இராணி கீறித் தாங்கோ. செட்டை நீலம். முகம் என்ரை முகம். கால் மட்டும் கோழிக்கால். கழுத்திலை கார்ட் ஐயாவின்ரை விசில்." இந்தப் பாலம் முடியட்டும் பிள்ளை என்றேன். கந்தோரில் பாலம் வரைகிறவன் வேறென்ன சொல்வான்? பாலம் முடிந்தது. அதன்மேல் இப்போது ரெயில் ஓடுகிறது. பிள்ளைதான் காத்திருக்கவில்லை.

அந்தக் கோழிக்கால் இராணியை இப்போது செய்யத் தொடங்கியிருக்கிறேன். நிறம் மட்டும் தீட்டிய படமல்ல. மூன்றடிப் பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் உருவம். செட்டைக்கு நிஜ இறகு, உடைக்கு நிஜப் பட்டு. பிள்ளையின் சிவப்புப் பட்டுப் பாவாடையும் அந்த ஒரேயொரு போட்டோவும் உம்மிடம் இருக்கின்றன. அனுப்புவீரா? போட்டோவைப் பார்த்து முகத்தை வரைவேன்.

அன்புடன்,
முத்துக்குமாரு

—

சிவமயம்

கிள்ளான்
12-10-1935

அன்புள்ள அத்தானுக்குப் பூரணம் எழுதுவது.

உங்கள் கடிதத்தை அண்ணாவும் வாசித்தார். "உவருக்கு விசரோ?" என்று கேட்டார். இந்த வீட்டில் விசர், பைத்தியம் என்ற பேச்சு வந்தால் எல்லாரும் என் பக்கம்தான் பார்க்கிறார்கள். பாவாடையை நான் இன்னும் தோய்க்கவில்லை, அதுதான் காரணம். அதில் அவளுடைய மணம் இருந்தது. நாளுக்கு நாள் குறைகிறது. முகர்ந்து முகர்ந்து நானே தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது. என் கையில் இருந்தால் மிச்சமும் போய்விடும். அனுப்புகிறேன்.

போட்டோவுக்கு மட்டும் ஒரு சத்தியம் வேண்டும். நிறம் ஒரு துளியும் படக்கூடாது. கத்தரி அதன் பக்கத்தில் வரக்கூடாது. பார்த்து வரைந்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். கண்ணை மூடினால் எனக்கு முன்போல முகம் வருவதில்லை, அத்தான். போட்டோவைப் பார்த்துத்தான் நினைவுபடுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று. அவள் கோர்ட்டர்ஸ் வீட்டுப் படியில் விழுந்து வந்த புருவத் தழும்பை ஸ்டூடியோக்காரன் போட்டோவில் அழித்துவிட்டான். அதையொரு உபகாரமென்று நினைத்துச் செய்தான். நீங்கள் அதைப் போட வேண்டும். இடது புருவம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பூரணம்

—

சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்
3-11-1935

அன்புள்ள பூரணத்துக்கு,

பார்சல் கசங்காமல் வந்தது. நீர் கேட்ட சத்தியத்தைச் செய்துவிட்டேன். கேட்க ஆள் இல்லாததால் பலகைக்கு முன் நின்று செய்தேன்.

வேலை நடக்கிறது. செட்டைக்கு அடுத்த வீட்டு வீரம்மா தன் வெள்ளைக்கோழியின் இறகு தந்தாள். துணிக்குப் போடும் நீலத்தில் மூன்று நாள் ஊறவைத்தேன். இறகு நீலமானது. என் விரல்களும் நீலமாகி, கந்தோரில் பெரிய துரை எனக்கு ஏதோ வியாதி என்று இரண்டடி தள்ளி நின்று பேசுகிறார். கால்களுக்கு வீரம்மாவின் கோழியையே பிடித்து மூட்டு மூட்டாக அளந்தேன். "ஐயா, அதுக்குக் கால்சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். பிறகு எதற்கென்று சொன்னதும் கோழியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

விசிலுக்கு சிகரெட் டின்னை வெட்டினேன். கிரீடம் உடைந்த கண்ணாடி வளையல். தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்துக்குப் பொன்தாள் வேண்டியிருந்தது. சீனர் இறந்தவர்களுக்காக எரிக்கும் தாளில் ஒட்டியிருக்கும் பொன் நல்ல பொன். கட்டாக வாங்கி வந்தேன். கடைக்காரன் யாருக்கு என்று கேட்டான். மகளுக்கு என்றேன். அவன் ஒரு கட்டு கூடவே வைத்தான். இந்த ஊரில் வந்த துக்க விசாரணைகளில் அதுதான் சுருக்கமானது.

பசை வேலாயுதம் சொன்னபடி. பிரேம் போடும் கடை வைத்திருக்கிறாரே, அவர். மரவள்ளி மாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலக்க வேண்டும். "துத்தம் போடாம ஒட்டினீங்கன்னா, அண்ணே, கரப்பானுக்கு நீங்க விருந்து வெச்ச மாதிரிலா" என்றார்.

கந்தோர்த் தலைமைக் கிளாக்கர் கார்த்திகேசு வந்து பார்த்தார். "என்ன முத்துக்குமாரு, பாலத்துக்குச் செட்டை முளைச்சிருக்கோ?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. முகம் இன்னும் வரவில்லை. போட்டோவின்மேல் கண்ணாடி வைத்து, கட்டம் போட்டு, அளந்து வரைந்தேன். ஆறு முறை. ஆறிலும் அளவு ஒரு மயிரிழை பிசகவில்லை. ஆறிலும் ஒருவரும் இல்லை. கார்த்திகேசு கடைசியாக வந்ததைப் பார்த்து, இதில் எத்தனை தொன் பாரம் ஏற்றலாம் என்று கேட்கவில்லை. அது அவருடைய மரியாதை.

தழும்பு வலது புருவத்தில்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்புடன்,
முத்துக்குமாரு

—

சிவமயம்

கிள்ளான்
8-11-1935

அன்புள்ள அத்தானுக்கு,

இடது.

அவள் விழுந்த அன்று நீங்கள் கந்தோரில் இருந்தீர்கள். இரத்தம் துடைத்தவள் நான். காய்ச்சல் வந்த அன்றும் நீங்கள் கந்தோரில்தான் இருந்தீர்கள். அதைப் பற்றி நான் இதுவரை எழுதவில்லை, இப்போதும் எழுதவில்லை.

ஆறு முறை வரைந்தாயிற்றென்றால் போட்டோவை இனி அனுப்பலாமே. ஏழாவது முறையில் வராவிட்டால் முகமில்லாமல் விட்டுவிடுங்கள். அவள் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கோழியை அளந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். மச்சாள் அடுக்களையிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். என் சிரிப்பை மற்றவர்கள் கேட்டு எத்தனையோ மாதமாயிற்று.

பூரணம்

—

சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்
1-12-1935

அன்புள்ள பூரணத்துக்கு,

முகம் வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று விவரிப்பதற்கில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. வீரம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஐயோ, பாப்பா!" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். கார்த்திகேசு தொப்பியைக் கழற்றினார். முன்பு கவர்னர் வந்தபோது மட்டும்தான் அவர் அதைக் கழற்றி நான் பார்த்திருக்கிறேன்.

போட்டோவைப் பற்றிக் கேட்டிருந்தீர். பத்திரமாக இருக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கிறது. தபாலில் அனுப்ப எனக்குத் தைரியமில்லை. ரெயில்வேயில் வேலை செய்கிறவனுக்குப் பொதிகள் படும் பாடு தெரியும். நீர் வரும்போது நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

தழும்பை இன்னும் போடவில்லை. நீர் இடது என்கிறீர். நான் கண்ணை மூடிப் பார்த்தால் வலதுபக்கம் இருக்கிறது. ஆனால் அது அவளுடைய வலதா, பார்க்கிற எனக்கு வலதா என்பது தெரியவில்லை. பத்து வருஷமாகப் பாலங்களுக்கு வலப்புறம் இடப்புறம் குறித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன்.

அன்புடன்,
முத்துக்குமாரு

—

சிவமயம்

கிள்ளான்
5-1-1936

அன்புள்ள அத்தானுக்கு,

மாசியில் பிள்ளை போய் ஒரு வருஷம், ஆட்டைத் திவசம். அதை நம் வீட்டிலேயே செய்வோம். ஐயருக்குச் சொல்லிவிடுங்கள்.

அண்ணாவுக்கு நீண்ட லீவு கிடைத்திருக்கிறது. பங்குனியில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போகிறார்கள். என்னையும் வரச் சொன்னார். மாட்டேன் என்றேன். திவசத்துக்கு வரும்போது பெட்டியோடு வருகிறேன். மீண்டும் கிள்ளானுக்குப் போகும் எண்ணம் இல்லை.

இதை ஏன் இப்போது முடிவு செய்தேன் என்று கேட்பீர்கள். எனக்கு முகம் போய்க்கொண்டிருக்கிறது. நெற்றி வந்தால் வாய் வருவதில்லை. போட்டோ கையில் இருந்தவரை சமாளித்தேன். வீரம்மாவே பார்த்துக் கத்தினாள் என்று எழுதினீர்களே, அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்கும் வந்துவிடும் என்று இருக்கிறேன். அவள் இருக்கிற வீட்டில் நானும் இருக்கலாம்.

பூரணம்

—

சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்
5-2-1936

அன்புள்ள பூரணத்துக்கு,

நீர் இதை வாசித்த பிறகே ரெயில் ஏற வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முகம் வந்துவிட்டது என்று நான் எழுதியது பொய்யல்ல. போட்டோவிலிருந்தே வெட்டி ஒட்டினால் வராமல் என்ன செய்யும்? ஏழாவது முறையும் வராதபோது கத்தரியை எடுத்தேன். காது ஓரமாக, மிகவும் கவனமாக வெட்டினேன். அத்தனை நேர்த்தியாக நான் எதையும் வெட்டியதில்லை. கண்ணாடிக்குள் இருக்கிறது என்று எழுதியதும் உண்மை. இத்தனை உண்மைகளைச் சேர்த்து ஒரு பொய் சொல்லலாம் என்பதைக் கந்தோரில் கற்றேன்.

ஒட்டுமுன் ஒரு பழைய போட்டோவில் பரீட்சை செய்தேன். மயில்துத்தம் கலந்த பசை தாளுக்குள் ஊறி, கன்னத்தில் பச்சை பூத்தது. பிள்ளையின் முகத்தில் பச்சை வரக்கூடாது. ஆகையால் முகத்துக்கு மட்டும் துத்தம் இல்லாத சுத்தமான பசை காய்ச்சினேன். அதற்கு மட்டும் மாவை இரண்டுமுறை சலித்தேன்.

ஜனவரி இருபத்தாறாம் தேதி, நீர் வருவதற்காகக் கண்ணாடி துடைக்கப் படத்தை இறக்கினேன். பிரேமுக்குப் பின்னால் ஓர் இடுக்கு இருந்திருக்கிறது. செட்டையில் ஓர் இறகு குறையவில்லை. விசில், கிரீடம், பொன், பட்டு எல்லாம் வைத்தது வைத்தபடி. கரப்பான் முகத்தை மட்டும் தின்றிருக்கிறது. ஓரத்தில் நான் கவனமாக வெட்டிய காது இருக்கிறது.

ஸ்டூடியோவுக்கு ஓடினேன். படம் பிடித்த கண்ணாடித் தகட்டிலிருந்து வேறு பிரதி போடலாமே. ஒரு வருஷம் கடந்த தகடுகளைக் கழுவி, பிரேம் போடுகிற கடைகளுக்கு விற்றுவிடுவார்களாம். வேலாயுதம் எனக்குப் போட்ட கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தேன். சுத்தமான கண்ணாடி.

இந்தப் பத்து நாளும் நினைவிலிருந்து வரைந்தேன். கட்டம் போடவில்லை, அளக்கவில்லை. ஒரு முகம் இருக்கிறது இப்போது. யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். தழும்பை நீர் சொன்னபடி இடது புருவத்தில் போட்டிருக்கிறேன். நீர்தான் இரத்தம் துடைத்தவர்.

அவள் முகம் உமக்குத் தெரியும். நீர் வந்து பார்த்து, இங்கே கூட்டு, அங்கே குறை என்று சொன்னால் திருத்துவேன். எவ்வளவு காலமானாலும் திருத்துவேன். எனக்கு இனிப் பாலம் ஒன்றும் இல்லை.

முத்துக்குமாரு

—

சிவமயம்

கிள்ளான்
9-2-1936

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை பின்னேரம் வந்திருக்கிறது. அதற்குள் நான் படத்தைப் பார்த்துவிட்டேன்.

அண்ணாவுக்குக் கோலாலம்பூரில் அலுவல் இருந்தது. திவசத்துக்கு முன்னால் வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கலாம் என்று காலை ரெயிலில் நானும் வந்தேன். நீங்கள் கந்தோரில் இருந்தீர்கள். வீரம்மா சாவி தந்தாள்.

கதவைத் திறந்ததும் படம் எதிரே இருந்தது. நான் அப்போது ஒன்றும் அறியாதவள். இதை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். உங்கள் மேல் கோபத்தோடு பார்க்கவில்லை. ஆசையோடு பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். நன்றாகச் செய்திருக்கிறீர்கள். நீலச் செட்டை, கால்கள், எல்லாம் அவள் கேட்டபடி. இராணியின் முகமும் அழகாக இருந்தது. பிள்ளையின் படத்தை வேறு எங்கோ வைத்திருக்கிறீர்கள், இது இன்னொன்று என்று நினைத்தேன்.

வீரம்மாவைக் கூப்பிட்டு, "இது ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "என்னம்மா இப்படிக் கேக்குறீங்க, நம்ம பாப்பாதாம்மா" என்றாள்.

ஓம் என்றேன். பிறகு அவள் போகும்வரை அந்த முகத்தையே பார்த்தேன். அது உங்கள் பிழையாக இருக்கலாம், என் பிழையாகவும் இருக்கலாம். இதைத் தீர்த்துச் சொல்ல நம்மிடம் போட்டோ இல்லை. அவள் முகம் உமக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் நானும் அதை நம்பியிருப்பேன். உங்கள் பக்கத்தில் நின்று, இங்கே கூட்டு, அங்கே குறை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

தழும்பைப் பற்றி. இடது என்று அடித்துச் சொன்னேன். எனக்கும் தெரியாது. துடைத்த துணிதான் நினைவிருக்கிறது.

அண்ணாவோடு நானும் யாழ்ப்பாணம் போகிறேன். பங்குனி வரை காத்திருக்க வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். மாசிக் கப்பலில் இடம் இருக்கிறதாம். திவசத்தை அங்கே கீரிமலைத் தீர்த்தக்கரையில் செய்துகொள்வோம். ஐயரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பின்பலகையைக் கழற்றிப் பாவாடைத் துணியை மட்டும் எடுத்து வந்தேன். கந்தோரிலிருந்து வந்து நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் கத்தரியாலேயே வெட்டினேன். இலேசில் வரவில்லை; அந்த இடத்தில் பசையைச் சரியாகத்தான் காய்ச்சியிருக்கிறீர்கள். ரெயிலில் முகர்ந்து பார்த்தேன். துத்தப் பசை மணக்கிறது.

பூரணம்