நான் திருத்திய கண்

மார்ச் 3

சின்ன ஃபிளாஷ் வந்துவிட்டது. சோப்புக்கட்டி அளவுதான். கேமரா தலையில் செருகினால் இருப்பதே தெரியவில்லை. பழையது என் கழுத்தை ஒரு வழி பண்ணிவிட்டது, அதற்கு இனி ஓய்வு. இது தானாக எதையும் செய்யாது; எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று நாமே திருகி வைக்க வேண்டும். தலையைச் சாய்த்துக் கூரையில் அடிக்கவும் முடியாது. நேரே முகத்தில்தான் அடிக்கும். “உங்க சுபாவத்துக்கு ஏத்த ஃபிளாஷ்தான்” என்றார் என் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மார்ச் 9

அண்ணன் வீட்டில் பட்டாணியைப் படம் எடுத்தேன். அண்ணன் மகள், ஒன்றரை வயது, ஓரிடத்தில் நிற்கமாட்டாள். எட்டுப் படம் தேறியது. நேர் ஃபிளாஷ் என்பதால் கண்மணி சிவப்பாக விழுந்திருக்கிறது. எதிர்பார்த்ததுதான், கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கறுத்துவிடும். இடக்கண் மட்டும் சிவப்பாக இல்லாமல் வெள்ளையாகப் பளபளத்தது. ஜன்னல் வெளிச்சமாக இருக்கும். வெள்ளைக்கு அந்தப் பொத்தான் ஒத்துவரவில்லை. வலக்கண்ணை நகலெடுத்து, இடம்வலம் திருப்பி, அதன்மேல் ஒட்டினேன். இரண்டு நிமிட வேலை. ஒட்டு யார் கண்ணுக்காவது தெரிந்தால் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன்.

கூடத்தில் மாட்ட ஒன்றைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார் அண்ணி.

ஏப்ரல் 22

பள்ளி அடையாள அட்டைக்கு இருநூற்றுப் பத்து பிள்ளைகள். நானூற்று இருபது சிவப்புக் கண்கள். எல்லாவற்றையும் கறுப்பாக்கி முடித்தேன், முதுகு விட்டுப்போயிற்று.

ஜூன் 14

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் அண்ணி பட்டாணியை ஸ்டூடியோவில் விட்டுவிட்டு வங்கிக்குப் போனார். சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து முக்காலியில் உட்கார வைத்துச் சும்மா எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் பார்த்தால் இடக்கண் வெள்ளை. இங்கே ஜன்னல் கிடையாது. முக்காலியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினேன். ஃபிளாஷைக் குறைத்தேன். விளக்கை அணைத்தேன். அதே கண். அதே வெள்ளை.

மார்ச் மாதத்து அசல் படங்களைத் திறந்தேன். எட்டிலும் இருக்கிறது. எட்டிலும்.

கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். ஏதோ கிண்டலை வாயில் வைத்துக்கொண்டுதான் வந்தார், திரையைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார்.

“மத்த பிள்ளைங்க கண்ணெல்லாம் எப்படி விழுது?”

“சிவப்பா.”

“சிவப்புன்னா நல்ல கண்ணுங்க. உள்ள இருக்கற ரத்தம் தெரியுது. இது உள்ள வேற ஏதோ இருக்கு. நாளைக்குன்னு வைக்காதீங்க.”

அண்ணனுக்குப் போன் செய்தேன். “உன் புது பொம்மை பண்ற கோளாறா இருக்கும்” என்றான். பிறகு நான் அழுவது கேட்டிருக்கும், வருகிறேன் என்றான்.

நல்ல கண்ணையெல்லாம் சிவப்பு என்று அழித்திருக்கிறேன். இந்த ஒரு கண்ணை – எப்படி விட்டேன்? விடவில்லையே. உட்கார்ந்து, பார்த்து, மூடினேன்.

ஜூன் 16

கண்ணுக்குள் கட்டி. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. அண்ணன் திரும்பத் திரும்ப அந்த ஒரு சொல்லையே கேட்டான்.

எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டதும், அண்ணி போனில் அந்த மார்ச் படத்தைக் காட்டினார். “பாருங்க டாக்டர், ரெண்டு கண்ணும் நல்லாத்தான இருக்கு.”

டாக்டரம்மா இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “மார்ச்ல ஒண்ணுமே இல்லன்னா ரொம்ப வேகமா வளருது. அதுக்கேத்த மாதிரி மருந்து யோசிக்கணும்.” தாளில் எழுதிக்கொண்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அது அவ கண்ணே இல்ல, நான் ஒட்டினது, சொல்லேன்டி, சொல்லித் தொலையேன்.

சொல்லவில்லை.

ஜூன் 17

சொல்லிவிட்டேன். எட்டு அசல் படங்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய், எல்லோர் முன்னாலும் மேஜையில் வைத்தேன். டாக்டரம்மா நேற்று எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

“அப்பவே வந்திருந்தா?” அண்ணிதான் கேட்டார்.

“கண்ணைக் காப்பாத்த முயற்சி பண்ணிப் பார்த்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா. இப்ப உயிரைப் பாக்கணும்.”

அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 27

கண்ணை எடுத்துவிட்டார்கள். ஐந்தரை மணி நேரம் காத்திருப்பு, அண்ணியை விட்டு எனக்கு வேறு வரிசை நாற்காலி.

ஜூலை 6

கண்ணுக்குப் பின்னால் நரம்பில் பரவவில்லை என்று பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. அண்ணன்தான் போனில் சொன்னான். நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 11

அண்ணி இன்னும் பேசவில்லை.

செப்டம்பர் 20

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தார், இடுப்பில் பட்டாணி. செயற்கைக் கண் வைத்து இரண்டு வாரம் ஆகிறது, அச்சு அசலாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் “அத்த” என்று தாவினாள். இந்த மூன்று மாதத்தில் இவளுக்கு மட்டும்தான் என்மேல் கோபமில்லை.

அண்ணி அவளை வாங்கி முக்காலியில் உட்கார வைத்தார். “எடு. அந்தச் சின்ன ஃபிளாஷ போட்டு எடு.”

“எதுக்கு அண்ணி?”

“அந்த இன்னொரு கண்ணப் பாக்கணும்.”

“டாக்டரம்மா மாசா மாசம் பாக்கறாங்களே. அவங்க பாக்கறதவிட இதுல ஒண்ணும் தெரியாது அண்ணி.”

“எனக்குத் தெரியும். நீ எடு.”

மூன்று படம் எடுத்தேன். கணினியில் போட்டபோது அண்ணி என் முதுகை ஒட்டி நின்றார். மூச்சு என் காதில் பட்டது. பெரிதாக்கப் போனேன். மவுஸ் பிடித்திருந்த என் கைமேல் அவர் கை வந்தது.

“எதையும் தொடாத.”

“தொடல அண்ணி. பெருசு மட்டும் பண்றேன்.”

இடக்கண் செயற்கை, வெறும் கறுப்பு. வலக்கண்மணி சிவப்பு. நடுவிலிருந்து ஓரம் வரை நல்ல சிவப்பு. மூன்று படத்திலும்.

“சிவப்புதான?”

“சிவப்புதான் அண்ணி.”

கையை எடுக்காமலே, “அடுத்த மாசமும் கூட்டிட்டு வர்றேன்” என்றார்.